ஊர் விட்டு ஊர் போன வேலிமரம்

விச்சிட்டா, கான்சஸ்
நவம்பர் 9

அன்புள்ள சரசு,

உன் கடிதமும் கல்யாண மண்டபத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. மண்டபம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கூடம் கொஞ்சம் சின்னதோ என்று படுகிறது. உங்கள் பங்காளிகள் முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்று நிற்பவர்கள் ஆயிற்றே, இப்போதே யோசித்து வை. முழங்கால் வலியோடு நகைக்கடை, துணிக்கடை என்று நீயே அலையாதே. மருமகளையும் சம்பந்தியையும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்.

இங்கே எல்லாரும் நலம். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து விறகடுப்பு மேல் பைத்தியமாக இருக்கிறார். பகலெல்லாம் கொல்லையில் விறகு பிளக்கிறார், ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்கிறார். சின்னவள் சிகாகோவில் வேலையில் சேர்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஃபோனில் சிக்னல் போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலா எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். எங்கோ வீடியோ பார்த்திருக்கிறான். "அமெரிக்காவில் முள்வேலிக்கு நடுற ஓசேஜ் ஆரஞ்சு விதை ரெண்டு கிலோ கொண்டு வாங்க அத்தை, காட்டைச் சுத்தி நட்டுடலாம்" என்கிறான். மறுநாளே நீ கூப்பிட்டு, "இன்னொரு சீமைக் கருவேலமா? இருக்கிறதை வெட்டியே கை ஓய்ஞ்சு போச்சு" என்று சத்தம் போட்டாய். அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடம் கொடு.

அவன் கேட்கிற மரம் எங்கள் வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நிற்கிறது. இந்த ஊர்க்காரர்கள் வெறும் "ஹெட்ஜ்" என்பார்கள். டெக்சஸ் பக்கம் "போடார்க்". நம் பலா, ஆல், மல்பெரி குடும்பம்தான். இந்த மாதம் காய் விழுகிற காலம். காய் சாத்துக்குடியைவிடப் பெரிது, நல்ல காய் ஒரு கிலோ வரும். இளம்பச்சை நிறம், மேலெல்லாம் மேடும் பள்ளமுமாகச் சுருண்ட தோல், முகர்ந்தால் லேசான ஆரஞ்சு வாசனை. கத்தி வைத்தால் பால் வடியும், அது கையில் ஒட்டினால் பலாப்பழம் அரிந்த மாதிரி எண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும். மனிதர் யாரும் தின்பதில்லை. பின்பக்க வேலியில் ஒரு அணில் தினமும் ஒரு காயைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. சதையை நார் நாராகப் பிய்த்துக் கீழே எறிகிறது, உள்ளே இருக்கும் விதையை மட்டும் பொறுக்கித் தின்கிறது. கம்பத்தடியில் பச்சைத் துருவல் குவிந்து கிடக்கிறது, அதைப் பெருக்குவது என் வேலை. சிலந்தி வராது என்று இந்தக் காயை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைப்பவர்களும் உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காயிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய பொருள் பூச்சியை விரட்டுமாம், ஆனால் முழுக்காயை வைத்தால் அந்த அளவு வெளிவராதாம். ஆனாலும் கடையில் விற்கத்தான் செய்கிறது.

இது இந்தக் கான்சஸ் மண்ணுக்குச் சொந்த மரம் இல்லை. வெள்ளைக்காரர்கள் வந்தபோது டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மூன்றும் கூடுகிற ரெட் ஆற்றுப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டாரத்தில்தான் இருந்தது. ஆனால் மரம் வெளியே போவதற்கு முன்பே அதன் கட்டை போய்விட்டது. ஓசேஜ் மக்களும் மற்றப் பழங்குடிகளும் இதில் வில் செய்தார்கள், அதைவிட நல்ல வில்மரம் அந்தக் கண்டத்தில் கிடையாது என்று பேர். ஜான் பிராட்பரி என்ற தாவரவியலாளர் 1811 வாக்கில் மிசௌரி ஆற்றில் மேலே போனபோது, அரிக்கரா மக்களிடம் இந்த வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்திருக்கிறார். அரிக்கராக்கள் இருந்தது இன்றைய தெற்கு டகோட்டா. மரம் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்.

மரத்தையே வெளியூருக்கு அனுப்பப் பார்த்தவர் மெரிவெதர் லூயிஸ் என்ற ஆய்வுப்பயணி. 1804 மார்ச்சில், பசிபிக் கடல் வரை போன பெரும்பயணம் கிளம்புவதற்கு முன்னால், செயின்ட் லூயிஸில் ஒரு வணிகர் வளர்த்த மரங்களிலிருந்து போத்து வெட்டி ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். அது பிழைக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மரம் எப்படியோ கிழக்குக் கடற்கரைக்குப் போய்விட்டது. போன வசந்தத்தில் வர்ஜீனியா போனபோது ரெட் ஹில்லில் ஒன்றைப் பார்த்தோம். "சுதந்திரம் கொடு, இல்லை சாவைக் கொடு" என்ற அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பாட்ரிக் ஹென்றியின் பண்ணை அது. சுமார் 60 அடி உயரம், 90 அடிக்கு விரிந்த கிளை. அமெரிக்காவிலேயே பெரிய ஓசேஜ் ஆரஞ்சு என்று பதிவான மரம் பிறந்த மண்ணில் இல்லை, ஆயிரம் மைல் தள்ளி நிற்கிறது. எங்கள் வீட்டுக்காரர் அதன் அடியில் நின்று, "இதைப் பிளந்தால் எத்தனை வருஷத்துக்கு விறகு வரும்" என்று கணக்குப் போட்டார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

பாலா கேட்கிற வேலிக் கதை அதற்கு அடுத்தது. இல்லினாய், அயோவா, கான்சஸ் புல்வெளிக்குக் குடியேறியவர்களுக்கு மண் இருந்தது, மரம் இல்லை. மரம் இல்லாமல் வேலி எப்படிப் போடுவது? ஆடு மாடு பயிரில் இறங்காமல் எப்படித் தடுப்பது? ஜோனதன் டர்னர் என்ற இல்லினாய்ப் பேராசிரியர் பலவகை முட்செடிகளை நட்டுப் பார்த்து, 1840களில் இதுதான் சரி என்று ஊர் ஊராகச் சொன்னார். குதிரை தாண்டாத உயரம், காளை முட்டினாலும் தாங்கும் பலம், பன்றி நுழைய முடியாத நெருக்கம். மூன்றும் இருந்தால்தான் அந்தக் காலத்தில் வேலி. காயை அழுக வைத்து விதை எடுப்பார்கள். நாற்றை ஓர் அடிக்கு ஒன்றாக நடுவார்கள். வளர வளர வெட்டி, இளங்கிளைகளை வளைத்து ஒன்றோடொன்று பின்னுவார்கள். நான்கைந்து வருஷத்தில் எருமை கூட நுழையாது. டெக்சஸிலிருந்து விதை வண்டி வண்டியாக வடக்கே வந்தது. மரம் தன் ஊரை விட்டு அவ்வளவு தூரம் பரவியது அந்த முப்பது வருஷத்தில்தான்.

அப்புறம் 1874இல் டிகால்ப் என்ற இல்லினாய் ஊரில் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வருஷா வருஷம் கத்தரிக்க வேண்டாம், பக்கத்துப் பயிருக்கு நிழல் விழாது, நிலமும் மிச்சம். உயிர்வேலியை யார் சீண்டுவார்கள்? ஆனால் கம்பியை இழுத்துக் கட்டக் கம்பம் வேண்டுமே. கத்தரிப்பார் இல்லாமல் மரமாக நின்ற அதே ஹெட்ஜை வெட்டித்தான் கம்பம் நட்டார்கள். இந்தக் கட்டை மண்ணுக்குள் உளுக்காது, கரையானும் ஒன்றும் செய்யாது. எங்கள் சாலைத் திருப்பத்தில் ஒரு பழைய வேலி இருக்கிறது. கம்பி துருப்பிடித்து இரண்டு மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள், கம்பங்கள் அதேதான். வெயிலில் சாம்பல் நிறமாகி, முறுக்கிக்கொண்டு, ஒன்றும் நேராக நிற்பதில்லை. பச்சையாக இருக்கும்போதே ஆணி அடித்துவிட வேண்டும். காய்ந்த கம்பத்தில் அடித்தால் ஆணிதான் வளையும்.

விறகும் அப்படித்தான். புதிதாகப் பிளந்தால் உள்கட்டை பளீரென்று மஞ்சள், வெயில் பட்டால் பழுப்பாகிவிடும். வட அமெரிக்க விறகுகளில் இதைப்போல் சூடு தருவது வேறில்லை என்கிறார்கள். ஆனால் எரியும்போது படபடவென்று பொறி தெறிக்கும். முதல் நாள் அடுப்புக் கதவைத் திறந்ததற்கே முன்னால் கிடந்த கம்பளத்தில் மூன்று ஓட்டை, அதுவும் நீ கொடுத்த பவானி ஜமக்காளம்! அந்த மஞ்சளும் ஒரு காலத்தில் பிழைப்புக்கு உதவியது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சாயம் நின்றுபோனபோது ராணுவக் காக்கித் துணிக்கு இதிலிருந்தும் சாயம் எடுத்தார்கள். பலாக்கட்டையில் புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் எடுப்பார்களே, அதிலிருக்கும் மோரின் என்ற பொருள் இதிலும் உண்டு.

1930களில் புழுதிப்புயல் வந்து மண்ணை வாரிக்கொண்டு போனபோது இந்த மரத்துக்கு மறுபடியும் வேலை வந்தது. ரூஸ்வெல்ட் அரசு 1934இல் தொடங்கி 1942 வரை வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை 22 கோடி மரங்களைக் காற்றுத்தடுப்பு வரிசையாக நட்டது. மொத்த நீளம் 18,600 மைல். அதில் தெற்குப் பகுதியில் நட்ட வகைகளில் இதுவும் ஒன்று. இன்று அந்த வரிசைகளை டிராக்டருக்கு இடைஞ்சல் என்று புல்டோசர் வைத்துத் தள்ளுகிறார்கள். டயரைக் கிழிக்கிற முள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

கடல் தாண்டியும் போயிருக்கிறது. இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் வேலிக்கும், பட்டுப்புழுவுக்கு இலை போடலாம் என்றும் வளர்த்தார்கள். புழு தின்றது, ஆனால் மல்பெரியின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா என்று பூங்காக்களில் நிற்கிறது. கிரிமியாவிலும் காகசஸிலும் இதற்கு "ஆதாமின் ஆப்பிள்" என்று பேர். காயைச் சீவி வோட்காவில் ஊறப்போட்டு மூட்டுவலிக்குத் தேய்ப்பார்களாம், சந்தையில் காயைக் குவித்து விற்பார்களாம். உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன். ஆனால் இதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துப்போகும். நீ டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய். வோட்கா உங்கள் வீட்டில் இருந்தால் அது வேறு பேச்சு.

இனி உன்னோடு வழக்கு. "வெளியூர் மரம்" என்று நீ ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறாய், கல்லூரி நாளிலிருந்து உனக்கு இந்த வழக்கம். இதைக் கொஞ்சம் பார். ஒரு கிலோ காய், பறவை தூக்காது, காற்று தள்ளாது, தாய்மரத்தடியிலேயே கிடந்து அழுகும். யாருக்காகக் காய்க்கிறது? 1982இல் டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்துச் சொன்னார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அழிந்துபோன யானை இனங்கள் போன்ற பெருவிலங்குகள் தின்று விதை பரப்பிய பழங்கள், அவை போனபின் ஆள் இல்லாமல் நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். அதைப் பின்பற்றி ஓசேஜ் ஆரஞ்சையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டொரன்டோவில் டான் பள்ளத்தாக்கில் ஒரு பழைய செங்கல் சூளைக் குழி இருக்கிறது. அதன் அடுக்குகளில், ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய வெப்பக் காலத்து மண்ணில், இந்த மரத்தின் எச்சம் கிடைத்திருக்கிறது. கனடாவில்! இன்றைக்கு ஒன்டாரியோ தோட்டத்தில் ஒருவர் இதை நட்டால் அது வெளியூர் மரமா, ஊர் திரும்பிய மரமா? ரெட் ஆற்றுப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பார்த்தது மிச்சம் மீதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைப் பூர்வீகம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

இதை வைத்துச் சீமைக் கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அதன் இனிப்பு நெற்றை ஆடும் மாடும் தின்று ஊரெல்லாம் போட்டுவிடுகிறது, அதுதான் அதன் பலம். இதற்கு அப்படிச் சுமக்கிற ஆள் குறைவு. பெரும்பாலும் நட்ட வரிசையில்தான் நிற்கிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எப்போதும் இல்லை. மாடு அதிகமாக மேய்ந்து புல் கரைந்த மேய்ச்சல் நிலத்தில் இங்கேயும் ஏறிவிடுகிறது. வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மாடு வளர்க்கிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசுகிறபோது உன் குரலே கேட்கிறது.

ஆகவே பாலா, நான் விதை கொண்டு வரப்போவதில்லை. இந்தியாவுக்குள் விதை கொண்டு வர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், அதை மறைத்துப் பெட்டியில் வைக்கிற வயது எனக்குப் போய்விட்டது. காங்கேயத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி உன் தாத்தா காலத்திலிருந்து முள்கிளுவை நிற்கிறது. மழைக்கு முன்னால் போத்து வெட்டி இடைவெளியில் சொருகு, போதும். தண்ணீர் கேட்காது, விதை கேட்காது, வெள்ளாட்டுக்குத் தழையும் ஆச்சு. கம்பிவேலிக்குக் கடன் வாங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள், அதையும் ஒரு தடவை யோசி.

சரசு, முகூர்த்த நாள் உறுதியானதும் உடனே எழுது. ஜனவரி என்றால் டிக்கெட் விலை இப்போதே ஏறிக்கொண்டிருக்கிறது. கோவை வரை விமானத்திலேயே வரலாமா, சென்னையிலிருந்து ரயிலா என்றும் கேட்டுச் சொல். மருமகளுக்குப் புடவை நிறம் என்ன என்று இரண்டு தடவை கேட்டாயிற்று, நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அப்புறம் நம் வகுப்பு ராஜாமணி இப்போது எங்கே இருக்கிறாள்? அவளுக்கும் பத்திரிகை வைக்க மறக்காதே.

அன்புடன்,
மல்லிகா