ரத்தம் கலந்த எலும்பு சிமெண்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில், தானமாகக் கிடைத்த எலும்போடு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த பி.ஆர்.பி. என்ற தட்டணு செறிந்த திரவத்தைக் கலந்தால் எலும்பு 'உறுதியாகும்' என்று வந்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். அதே சொல்லை நம்பித்தான் என் மனைவி ஊன்றுகோலை ஓரம் வைத்துவிட்டு நடந்தார்.

அவருக்கு 2007-இல் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நன்றாகவே ஓடியது. அப்புறம் தொடையில் வலி. பிளாஸ்டிக் கிண்ணம் தேயும்போது உதிர்கிற நுண்துகள்களை உடல் எதிர்க்கிறது. அதில் மூட்டைச் சுற்றியுள்ள சொந்த எலும்பு கரைந்துபோகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது தொடை எலும்பின் மேல்பகுதி முட்டை ஓடு மாதிரி மெலிந்திருந்தது. 2023-இல் மறு அறுவைச் சிகிச்சை. தொடை எலும்புக்குள் செருகியிருந்த பழைய உலோகத் தண்டை எடுத்துவிட்டு, பொடித் துண்டுகளாக்கிய தான எலும்பை அந்தக் குழிக்குள் அடித்து இறுக்கி, நடுவில் சிமெண்ட் விட்டுப் புதுத் தண்டைப் பொருத்தினார்கள். நெதர்லாந்தின் நைமேகனிலும் இங்கிலாந்தின் எக்ஸிடரிலும் 1980-களிலிருந்து வளர்ந்த முறை இது. பெரும்பாலும், வேறு ஒருவருக்கு இடுப்பு மாற்றும்போது வெட்டி எடுக்கும் பந்து எலும்பைத்தான் அவர் சம்மதத்தோடு உறைய வைத்துப் பயன்படுத்துகிறார்கள். என் மனைவிக்கு அப்படி மூன்று பேரின் எலும்பு தேவைப்பட்டது.

ஆறு வாரம் கால் விரல் மட்டும் தரையில் படலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். நான்காம் வாரம் வீட்டுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், "ஆன்ட்டி, உங்க ரத்தத்தையே கலந்து வெச்சிருக்காங்க, சிமெண்ட் மாதிரி பிடிச்சிருக்கும், பயப்படாம நடங்க" என்றார். நான் அப்போது செந்தூல் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், "என்னங்க, பாருங்க" என்று சிரித்தபடி சமையல்கட்டிலிருந்து தேநீரோடு நடந்து வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் தண்டு 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், இது அதிகம் என்றார் மருத்துவர். அந்த நடைதான் காரணம் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நடக்கச் சொன்ன காரணம் தவறு. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் என் தொழில் அது.

மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முடியும்வரை ஒரு குத்தகை நிறுவனத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ரோலர் போன இடத்தில் சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியில் மணல் ஊற்றிக் கொள்ளளவு பார்த்து, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிடுவோம். சாலைக்கு அடியில் கொட்டும் கிரஷர் ரன் என்ற உடைகல் கலவை எதனால் லாரியைத் தாங்குகிறது? பசையால் அல்ல. பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல், அதன் இடுக்கில் தூள் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால். தண்ணீர் அளவாக இருந்தால் இறுகும். கூடிப்போனால் ரோலரின் எடையைக் கல் வாங்காது, இடுக்கில் மாட்டிய தண்ணீர் வாங்கும். மேலே நடந்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும். எவ்வளவு தண்ணீரில் மண் நன்றாக இறுகும் என்று பார்க்க, அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் 1933-இல் வகுத்த சோதனையைத்தான் நாங்கள் தினமும் செய்தோம்.

எலும்புத் துண்டுக்கும் இதே கதைதான். தாதியாக வேலை பார்க்கும் என் மகள் ஓர் ஆய்வைத் தேடிக் கொடுத்தாள். எடின்பரோவில் எலும்பு மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து செய்து 2003-இல் வெளியிட்டது. மண்ணைச் சோதிப்பது போலவே அரைத்த எலும்பைச் சோதித்திருக்கிறார்கள். கொழுப்பையும் மஜ்ஜையையும் கழுவி நீக்கி, பல அளவுத் துண்டுகளைச் சரியான விகிதத்தில் சேர்த்தால் அது சறுக்காமல் தாங்கும் வலிமை கூடுகிறது. படித்தபோது என் பழைய சல்லடைகள் கண்முன் வந்தன.

இப்போது பி.ஆர்.பி.க்கு வருகிறேன். ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியை எடுக்கிறார்கள். அதில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் உண்டு. புது எலும்பு வளர உதவும் என்ற எண்ணத்தில் கலக்கிறார்கள். உறைந்த ரத்தம் துண்டுகளை ஒட்ட வைப்பதால் உள்ளே வைப்பதற்கும் எளிது. சரி, ஆனால் கரண்டியில் உதிராமல் நிற்பது வேறு, அறுபது கிலோ உடம்பை அடிக்கு அடி தாங்குவது வேறு. வளர்ச்சிக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தாங்குவது துண்டுகளின் பிடிப்பும் அடித்த சுத்தியலும்தான். கழுவி ஈரம் நீக்கிய எலும்பில் மறுபடி எந்தத் திரவத்தை எவ்வளவு ஊற்றினார்கள், அடிக்கும்போது அது வடிய வழி இருந்ததா என்று கேட்காமல் 'உறுதி' என்று எழுதக் கூடாது. எலும்பைப் பதப்படுத்துவதிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கிருமி நீக்கக் காமா கதிர் காட்டும்போது 25 கிலோகிரே என்ற கதிர் அளவுதான் வழக்கம். அதைக் கூட்டிக்கொண்டே போனால் எலும்பே நொறுங்கும் தன்மைக்கு வரும்.

தங்கள் கட்டுரை 'குணமாக உதவலாம்' என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'உறுதி' என்று படிக்கும் எழுபது வயதுப் பாட்டி அதை 'நடக்கலாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: எத்தனை வாரம், எவ்வளவு எடை என்பதை வீட்டுக்கு அனுப்பும் தாளில் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த தாளில் மலாயும் ஆங்கிலமும் இருந்தன, என் மனைவிக்குப் படிக்கத் தெரிந்த தமிழ் இல்லை.

தண்டு இறங்கிக் கால் சற்றுக் குட்டையானதால், அவர் இப்போது இடது செருப்பில் ஒரு தட்டு வைத்து நடக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே. தண்டு அதற்குமேல் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஈப்போ சாலை தண்டாயுதபாணி கோயிலில், பெயர் தெரியாத அந்த மூன்று பேருக்காக மூன்று விளக்கு ஏற்றுகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனைக் கூடப் பணியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.