ஒரே ஊரிலிருந்து மகனுக்கு ஒரு கடிதம்

லிங்கராஜபுரம்,
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகமாயிருக்கிறோம். லிங்கராஜபுரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குக் கடிதம் எழுதுகிற ஒரே தகப்பன் இந்தப் பெங்களூரில் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய். நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் பேத்தி எடுத்தபோது, "அப்பா இப்ப எப்பவும் வீட்லதான் இருக்காரு தாத்தா, பால்கனியில உக்காந்துட்டே இருப்பாரு" என்றாள். குழந்தையைத் துருவிக் கேட்பது முறையல்ல என்பதால் அத்துடன் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டேன். உன்னையும் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பதினோராம் மாடியில் இந்த மாதங்களில் காற்று பலமாக அடிக்கும் என்று அம்மா சொல்கிறாள். இரவில் பால்கனியில் தனியாக உட்காராதே. உள்ளே, பிள்ளையோடு உட்கார்.

சபைச் செய்தி சொல்ல அதிகம் இல்லை. கூரைக்கு வெள்ளையடித்தார்கள், புதிய ஆயர் நன்றாகப் பிரசங்கிக்கிறார், ஆனால் சற்று நீளம்.

போன செவ்வாய்க்கிழமை மாலை பையப்பனஹள்ளியில் மாரிக்குப்பம் வண்டி ஏறினேன். எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. வண்டி நிறைய நம் கோலார் தங்கவயல் ஆட்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடின பிறகு, விடியற்காலையில் புறப்பட்டு இங்கே வந்து வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு சேருகிற வாழ்க்கை அவர்களுக்குப் பழகிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட வேலை ஒரே நாளில் போனது. போன மறுநாளும் அந்த ஊரில் அடுப்பு எரிந்தது. எதிரே இருந்த பெரியவர் மடியில் காலி டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கும் தன் மகனை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒயிட்ஃபீல்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, உன் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே இளநீர்க்கடை ஓரமாக அரைமணி நேரம் நின்றேன். கேட்டில் செக்யூரிட்டி வருகிறவர்களின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே வரக் கால் எழவில்லை, திரும்பிவிட்டேன். ஏன் எழவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எளிதில் வருகிறதாயில்லை.

எட்டாம் வகுப்பில் நீ குறள் ஒப்புவித்தல் போட்டியில் முதல் பரிசு வாங்கினாய். 'மானம்' அதிகாரத்தின் பத்துக் குறளையும் தினமும் சைக்கிளில் உன்னை முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். கவரிமா குறளை நீ சொன்னபோது மட்டும் உன் குரல் தனியாக உயரும். அரங்கில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வள்ளுவர் பேரில் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனாலும், இப்போது இரவில் விழிப்பு வரும்போதெல்லாம், அந்த ஒன்பதாம் குறளை உனக்கு அத்தனை அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது.

நம் வேதத்தில் ஒரே இரவில் இரண்டு பேர் மானத்தை இழந்தார்கள். ஒருவன் பேதுரு. அவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான். மற்றவனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பேதுரு செய்தது சின்னக் குற்றம் என்று நாம் நினைப்பது அவன் பிற்பாடு அப்போஸ்தலனாகப் பெயர் வாங்கினதினால்தான். அன்றைக்கு அந்த முற்றத்தில், குளிர்காய்ந்துகொண்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து, மூன்று வருஷம் கூடவே உண்டு உறங்கினவரை எனக்குத் தெரியாது என்றவனுக்கு என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்? யோவான் எழுதின சுவிசேஷத்தில் அந்த முற்றத்தில் எரிந்ததற்குக் 'கரிநெருப்பு' என்று பெயர். அதே சொல் கடைசி அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது: கடற்கரையில் ஆண்டவர் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்திருக்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். இதை நான் ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் ஒருமுறைகூட அந்த வரிசையில் நடந்ததில்லை.

உன் மேல் யாராவது ஏதாவது பழி சொல்லியிருந்தால், அது பொய்யாகவும் இருந்தால், சத்தம் போடாமல் விலகிப்போவதுதான் கிறிஸ்தவத் தாழ்மை என்று எண்ணிக்கொள்ளாதே. பிலிப்பி பட்டணத்தில் பவுலை விசாரிக்காமல் எல்லார் முன்னும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் ஓசைப்படாமல் போய்விடு என்றார்கள். அவர் போகவில்லை. வெளியரங்கமாய் அடித்தவர்கள் இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ஆண்டவரும் கன்னத்தில் அறைந்த சேவகனைத் திருப்பி அடிக்கவில்லை. ஆனால், நான் தகாதவிதமாய்ப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். ஆகையால் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. எதையும் எழுத்தில் கேள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இரவில் தனியாக உட்காராதே.

பழி உண்மையாக இருந்தாலும் நீ என் மகன்தான். இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அந்த விஷயம். 1999-ஆம் வருஷம் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த கோழியும் பூசணியும் வாழைத்தாரும் ஏலம்போய், மாலையில் கோயிலின் வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது 640 ரூபாய் குறைந்தது. ஏலப் பணத்தை மேசைக்கும் மேடைக்கும் தகர டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தவன் நீ. நான் பொருளாளர். நான்கு மூப்பர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது சொல்வதற்குள் நானே முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. உன்னைக் கூப்பிட்டுச் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடச் சொன்னேன்; ஷூவைக் கழற்றச் சொன்னேன்; சாக்ஸையும். ஒரு இரண்டு ரூபாய் நாணயமும், இரண்டு புளியங்கொட்டையும், ஒரு துண்டு சாக்குக்கட்டியும் மேசையில் கிடந்தன. "நான் எடுக்கலப்பா" என்று ஒரு தரம் சொன்னாய். அதற்குத்தான் அடித்தேன்.

தாத்தா வெஸ்ட்ரி வாசலில் நின்றிருந்தார். உனக்குத் தெரியும், தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய சுரங்கத்திலிருந்து ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் அப்படி நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தையற்காரன் அளவெடுக்க வந்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார், நாம் சிரிப்போம். அன்றைக்கு அவர் என்னிடம், "என்னைத் தடவினவன் கூலிக்குத் தடவினான். நீ எதுக்குடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அதன் காரணம் உன் அம்மாவுக்கே தெரியாது.

640 ரூபாயை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். பொருளாளரின் நேர்மையைப் பற்றி அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாராட்டினார்கள். மூன்று வாரம் கழித்து, என் கீர்த்தனைப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டையைப் பிரித்தபோது, உள்ளே மடித்தபடி அந்தப் பணம் இருந்தது. மழைத்தூறல் விழுந்ததும் நனையாமலிருக்க நானே செருகிவைத்தது. ஆராதனைக்கு மணி அடிக்கும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் பாராட்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எண்ணினேன். என் பெயர் கெடாமல் இருக்க உன் பெயரைக் கெட்டபடியே விட்டுவிட்டேன். அந்தப் பணத்தில்தான் கிறிஸ்துமஸுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் உனக்குக் கறுப்பு ஷூ வாங்கினேன். நீ அதைக் கால் கடிக்கும்வரை போட்டுக்கொண்டாய். அது சின்னதானபோது நீ எதுவும் கேட்கவில்லை, பழையபடி செருப்போடு பள்ளிக்குப் போனாய்.

குற்றம் செய்த சகோதரனிடம்கூடத் தனித்திருக்கையில் பேசு என்று கற்பித்தவரின் பெயரால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். குற்றமே செய்யாத பிள்ளையை நான்கு பேர் முன்னால் நிறுத்தினேன். வீட்டில் என்ன நடந்தாலும் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று நீ அன்றைக்கே முடிவு செய்திருந்தால் நியாயம்தான். உன் கேட்டில் அந்தச் செக்யூரிட்டியைப் பார்த்து ஏன் திரும்பினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த நான்கு பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். அவருக்கு ஞாபக மறதி, யாருடைய கோழி என்று கேட்டார். சபையார் முன்னால் எழுந்து சொல்ல ஆயரிடம் அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அதற்கும் உன் பெயரை நான் எடுக்கவேண்டியிருக்கும், உன்னைக் கேட்காமல் இன்னொரு தரம் அதைச் செய்ய எனக்கு உரிமையில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆயர் போன வாரம் ஏசாயா 43-இல் பிரசங்கித்தார். 'நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்' என்கிற வசனம். தமிழில் கனம் என்றால் எடை, மரியாதை இரண்டும்; எபிரெயு மொழியிலும் அந்தச் சொல் பாரம் என்கிற வேரிலிருந்துதான் வருகிறது என்றார். எனக்கு உன்னைப் பிறந்த அன்றைக்குக் கையில் வாங்கினது ஞாபகம் வந்தது. 2 கிலோ 900. நர்ஸ் சொன்னதை வேதாகமத்தின் பின்பக்கத்தில் அப்போதே குறித்துவைத்தேன், இன்னும் இருக்கிறது. அதுவரை நீ ஒன்றும் சாதித்திருக்கவில்லை, எந்த நிறுவனமும் உனக்கு அட்டை கொடுத்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன் முதல் பிளாட்ஃபாரத்தில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அம்மா வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தனுப்புவாள். ஒன்றும் கேட்க மாட்டேன். நீ பேசாமல் சாப்பிட்டாலும் போதும். வரமுடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன். டிபன் கேரியரை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு, அது அம்மாவுக்குச் சீராக வந்தது.

இப்படிக்கு,
அப்பா