சின்னையாவின் கணக்கு நோட்டு: நகரத்தார் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் எங்கள் ஊர் வீட்டில் ஓடு மாற்ற இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தோம். ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சின்னையாவின் கணக்கு நோட்டுகள். எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், தம்பி அவர். கல்யாணம் ஆகாமல் அந்த வீட்டிலேயே இருந்து காலமானார். பால், வெற்றிலை, சலவை என்று எல்லாச் செலவையும் எழுதியிருக்கிறார். நடுவே மாதம் தவறாமல் 'லித்தியம் மாத்திரை'. சில மாதங்களுக்கு ஒருமுறை 'மதுரை, ரத்தம் பார்த்தது, பஸ்'. இப்படிப் பதினேழு வருஷம்.

அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வளவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு பைபோலார் என்கிற, மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்பதுதான். "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றார் எங்கள் தகப்பனார், அப்பச்சி. நானும் பக்கத்தில்தான் நின்றேன். சின்னையா 'ஒரு மாதிரி' என்பது வரை எனக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மருந்து மாற்றி மருந்து என்று நாலு வருஷம் போனது. கடைசியில் சின்னையா சாப்பிட்ட அதே லித்தியம்தான் கேட்டது. இப்போது தம்பி கடையில் போய் உட்காருகிறான்.

லித்தியம் எல்லோருக்கும் கேட்பதில்லை. நன்றாகக் கேட்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. ஆனால் ஒருவருக்குக் கேட்டால் அதே குடும்பத்தில் நோய் வந்த இன்னொருவருக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள். 2016இல் பல நாட்டார் சேர்ந்து 2,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை அலசி, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21ஆவதில் இதற்குத் தொடர்புள்ள ஓர் இடத்தைக் காட்டினார்கள். ஆனால் லித்தியம் யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அதுவரை டாக்டருக்குக் கைகொடுப்பது சின்னையா நோட்டு மாதிரி ஒன்றுதான். கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி, அந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கிற நாம் இதை மட்டும் பெட்டிக்குள் பூட்டினோம்.

காரணம் கல்யாணம். தெரியாமல் இல்லை. 'மரபணு' என்றதும் இன்னும் பயம். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் வெளியான பெரிய ஆய்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பைபோலார் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 298 இடங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேருக்கு இது வருவதில்லை. ஜாதகத்தோடு மரபணுப் பொருத்தமும் பார்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் முகப்போடு அனுப்பிவிடுங்கள்.

உருப்படியாக இன்று பயன்படும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. இதே நோய்க்குத் தரும் கார்பமாசிபைன் என்ற மருந்து சிலருக்குத் தோலையே உரித்து உயிருக்கு உலை வைத்துவிடும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம் என்று 2004இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். மருந்து தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நோயின் மரபணுவைத் தேடிய பெரிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தம்தான். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தில், ஒரே வீட்டில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களை ஆராய்கிறார்கள். நம் வீடுகளைப் போல ஏழெட்டுத் தலைமுறை சொல்லத் தெரிந்த வீடுகள் எத்தனை இருக்கும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சங்கக் கூட்டத்தில் ஒருநாள் மனநல மருத்துவரை அழைத்துப் பேச வையுங்கள். பெயர் வெளியே வராமல், அவரவர் சம்மதத்தோடு, ஆய்வுக்குக் குடும்ப விவரம் தர விரும்புகிறவர்களுக்கு வழி சொல்லுங்கள். சங்கம் தானாகப் பட்டியல் எடுக்க வேண்டாம். அது வேறு வம்பில் முடியும். அப்புறம், டாக்டர் கேட்கும்போது மறைக்காதீர்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

அடியில் என் பெயரும் ஊரும் இல்லை. மன்னிக்கவும். தம்பி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் புள்ளிகளில் ஒருவன்