ஊஹூராவும் கானும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் மனசு லேசாயிற்று. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே அண்ணன் மகளுக்கு நிச்சயம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். நீ வந்தே ஆக வேண்டும்.

படுத்தபடி பழைய ஸ்டார் ட்ரெக், அந்த அமெரிக்க விண்வெளிக் கப்பல் டிவி தொடர் முழுவதையும் பார்த்துவிட்டு, அதில் செய்தித் தொடர்பு அதிகாரியாக வரும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி, "ஊஹூராவை வெறும் டெலிபோன் ஆபரேட்டராகத்தானே உட்கார வைத்திருக்கிறார்கள், இதற்கா இத்தனை பெருமை?" என்று கேட்டிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். தொடருக்கு முன்பு எடுத்த முதல் மாதிரிப் படத்தில் கப்பலின் இரண்டாம் அதிகாரியே ஒரு பெண். 1966-ல் ஒளிபரப்பு தொடங்கியபோது அந்தப் பாத்திரம் காணோம். அதில் நடித்த மேஜல் பாரெட் நர்ஸாகத் திரும்பி வந்தார். 1969-ல் வந்த கடைசி எபிசோடில், கேப்டன்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று ஒருத்தி வாய்விட்டே சொல்கிறாள். அவளைப் புத்தி பிசகியவளாகக் காட்டிக் கதையை முடித்துவிட்டார்கள்.

ஆனாலும் ஊஹூராவை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேஷத்தில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸும் முதல் சீசன் முடிந்ததும் விலகத்தான் நினைத்தார், மேடை நாடகத்துக்குப் போக. அந்த நேரத்தில் ஒரு விழாவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்திக்கிறார். போகக்கூடாது, கறுப்பினத்தவரான நம்மை மற்றவர்கள் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி முதல்முறையாகப் பார்க்கிறார்கள் என்று கிங் சொன்னதாக, நிஷெல் பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்குச் சட்டம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலம், செல்வி! 1977-ல் அவரே நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள். வசனம் குறைவுதான். ஆனால் அந்த நாற்காலியில் நிஜமாகவே ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் அவர் பேச்சை நம்பி ஆட்கள் வந்தார்கள். கப்பலை ஓட்டும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேயும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே சிறு வயதில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர், அதே அமெரிக்காவின் டிவியில் கப்பல் ஓட்டினார்.

இப்போது அதே தொடரில் வில்லனாக வரும் கானை நினைத்துப் பார். கான் நூனியன் சிங்! வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று வசனத்திலேயே வருகிறது. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். முகத்துக்குக் கறுப்பு மேக்கப், தாடி கிடையாது, தலைப்பாகையும் அவருடைய ஓவியம் ஒன்றில் மட்டும்தான். அருமையான நடிகர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பலை இயக்கும் அந்த மேல்தளத்தில் வழக்கமாக வருகிறவர்களில் நம்மவர் ஒருவர்கூட இல்லை, உலகத்தைப் பிடிக்க வந்த சர்வாதிகாரிக்கு மட்டும் நம் பெயர். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாதி முகம் கறுப்பு, பாதி வெள்ளை என்று வரும் அந்த இருவர் கதை உன்னை அழவைத்தது என்று எழுதியிருந்தாய். நிறவெறியைச் சாடும் கதை, சரி. அந்த இரண்டு வேஷத்தையுமே வெள்ளைக்காரர்கள் போட்டார்கள் என்பதைக் கவனித்தாயா? உவமையாகச் சொல்லும்போது யாருக்கும் வலிக்காது, எந்த ஸ்பான்சரும் முகம் சுளிக்க மாட்டார்.

அதனால் அடுத்து நீ பார்க்க வேண்டியது, ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே பின்னால் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடர். கறுப்பின நடிகரான ஏவரி புரூக்ஸ்தான் அதில் தலைவர். 1998-ல் அவரே இயக்கி நடித்த ஒரு எபிசோட் உண்டு. 1950-களின் நியூயார்க்கில் ஒரு கறுப்பின எழுத்தாளர், கறுப்பினத் தலைவர் ஒருவரை வைத்து விண்வெளிக் கதை எழுதுகிறார். பத்திரிகை முதலாளி அந்த இதழையே அழித்துவிட்டு அவரையும் வேலையை விட்டு அனுப்புகிறார். உவமையே இல்லை, நேராகச் சொல்கிறார்கள்.

பார்த்துவிட்டு எழுது. கல்யாணத்துக்கு வரும்போது பேசவும் ஆயிற்று.

அன்புடன்,
வசந்தா