ஐந்தாம் ரவுண்டில் எடுத்த பையன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டும் ஆள் நான். உங்கள் விளையாட்டுப் பக்கம் பற்றி ஒரு வேண்டுகோள் உண்டு. அதை மட்டும் எழுதினால் இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றும், அதனால் எங்கள் கடற்கரையில் இரண்டு வாரமாக நடக்கிற சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தூத்தூர் வட்டாரத்தில், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை, கால்பந்து விளையாடத் தெரியாத ஆண்பிள்ளை உள்ள வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வருடம் சில கிளப்புகள் சேர்ந்து ஈஸ்டருக்குப் பிறகு பதினொருவர் லீக் ஒன்று நடத்துகிறார்கள், ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முடிய. மொத்தம் எட்டு டீம். ஏலம் விட்டால் வளைகுடாவில் ஆள் அதிகம் உள்ள டீம் நல்ல பையன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், எனவே டிராஃப்ட், அதாவது முறை வைத்து ஆள் எடுப்பது என்று முடிவானது. சீட்டு குலுக்கி வரிசை போட்டார்கள். முதல் ரவுண்டில் கடைசியாக எடுத்தவருக்கு இரண்டாம் ரவுண்டில் முதல் வாய்ப்பு, அப்படியே மாறி மாறி ஆறு ரவுண்டு. எங்கள் டீமுக்கு மூன்றாம் சீட்டு விழுந்தது. கெட்டதில்லை.

ஆறு பேரை எடுத்துக்கொண்டு மேனேஜர் வெளியே வந்ததும் ஆரம்பித்தது. முதல் ரவுண்டில் எடுத்தது ஒரு ஃபார்வர்ட் பையன். மொபைலில் அவன் வீடியோ பார்க்காதவர்கள் இங்கே கிடையாது, நான்கு பேரை வெட்டிவிட்டுக் கோலியையும் (கோல்கீப்பரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) சுற்றிவந்து அடிப்பான், பின்னால் பாட்டு ஓடும். ஐந்தாம் ரவுண்டில் எடுத்தது சின்னமுட்டத்தில் விசைப்படகுக்குப் போகிற ஒரு லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் நின்று தடுப்பவன். ஆறாவது, முப்பத்து நான்கு வயது கோலி. முதல் பையனைப் பார்த்துவிட்டுக் கோப்பை நமக்குத்தான் என்று ஒரு கூட்டம், மற்ற ஐந்து பேரும் வேஸ்ட் என்று இன்னொரு கூட்டம், வலை பின்னும் இடத்தில், டீக்கடையில், தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில், எங்கு போனாலும் இதே பேச்சு. குவைத்திலிருந்து ஒருவர் எட்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார், அதில் ஆறு நிமிடம் மேனேஜரின் குடும்பத்தைப் பற்றி. என் மச்சானும் அவன் அண்ணனும் இன்றைக்கு வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் இளமையில் லெஃப்ட் பேக்காக ஆடியவன், அதனால் யார் பக்கம் சாய்வேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் காலத்தில் டீமில் கடைசியாக மிச்சமிருக்கிறவனுக்குத்தான் லெஃப்ட் பேக் இடம் கொடுப்பார்கள். ஆனால் நான் சொல்ல வருவது அந்தப் பழைய வருத்தத்தை அல்ல.

அந்த ஃபார்வர்ட் பையனை நானும் ரசிப்பவன்தான். பய கொள்ளாம், நல்லாத்தான் ஆடுவான். ஆனால் அவன் வீடியோக்கள் எல்லாம் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் எடுத்தவை. செவன்ஸில் மைதானம் சின்னது, நம் பக்கம் பல போட்டிகளில் ஆஃப்சைடும் (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னாலேயே நின்று பந்து வாங்கும் தப்பு) பார்ப்பதில்லை, கோல் போஸ்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருகிற பந்தைத் தட்டிவிடலாம். அதே பையனைப் பதினொருவர் ஆட்டத்தில் நிறுத்தினால் நடுவில் நின்று தடுக்கும் இரண்டு ஸ்டாப்பர்கள் ஒரு அடி முன்னால் ஏறிவந்தாலே கொடி தூக்கிவிடுவார்கள். போன சீசனில் நான் நேரில் போய்ப் பார்த்த 11 ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன் (வீட்டில் இதற்கு எனக்குக் கிடைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது). அதில் அவன் ஆடியது ஏழு, அடித்தது ஐந்து கோல், அந்த ஐந்தில் மூன்று பெனால்டி. மோசம் என்று சொல்லவில்லை. மூன்றாம் சீட்டை அவனுக்குச் செலவழிக்கலாமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வீடியோ போதாது.

இனி அந்த லெஃப்ட் பேக். "கடலுக்குப் போறவன், பாதி ஆட்டத்துக்கு வரமாட்டான்" என்று சொல்லித்தான் எல்லா டீமும் அவனை ஐந்தாம் ரவுண்டு வரை விட்டுவைத்தன. எங்கள் ஊர்ப் படகுகளை மனதில் வைத்துச் சொன்ன பேச்சு அது. இங்கே ஆழ்கடல் தங்கலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும், எங்கள் மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, ஆக ஏப்ரல் மே மாதங்களில் நம் பையன்கள் கடலில் இருப்பார்கள், சரி. ஆனால் சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. லீக் முழுக்க அவன் கரையில்தான் இருப்பான்! ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம், இது நமக்குத் தெரியாத விஷயமா? குழந்தைக்கும் தெரியும். ஆனால் டிராஃப்ட் மேசையில் உட்கார்ந்த எட்டுப் பேரில் இதை யோசித்தவர் எங்கள் மேனேஜர் ஒருவர்தான், அவருக்குத்தான் இப்போது ஏச்சு.

பெரிய இடத்திலும் கதை இதுதான். 2017-ல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியாவின் பெரிய கால்பந்து லீகுக்கு டிராஃப்ட் மும்பையில் நடந்தபோது முதல் ஆளாக ஜாம்ஷெட்பூர் அணி எடுத்தது ஃபார்வர்டை அல்ல, மலப்புறத்துக்காரர் அனஸ் எடத்தொடிகாவை, அவர் ஸ்டாப்பர். ஒரு கோடியே பத்து லட்சம். அடுத்த வருடம் அதே ஜாம்ஷெட்பூருக்கு நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் போனார், எந்த டிராஃப்ட் மேசையிலும் பெயர் கூப்பிட்டு அல்ல, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகில் சென்னை சிட்டி அணிக்கு ஆடிய ஆட்டத்தை வைத்து. அதற்கும் அடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அவரை எடுத்தது. நடுக்களத்திலும் விங்கிலும் ஆடிக்கொண்டிருந்த ஆளை இடது ஓரம் முழுவதும் ஏறி இறங்கும் விங் பேக்காக மாற்றினார் பயிற்சியாளர் ஹபாஸ். அந்த 2019-20 சீசனில் ஏ.டி.கே. சாம்பியன், இறுதி ஆட்டத்தில் நம் சென்னையின் எஃப்.சி. அணியை 3-1 என்று அடித்தது. எங்கள் ஊரில் அன்று கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்கு அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்காலில் அடிபட்டு வெளியே போனார், சீசன் அதோடு போயிற்று. ஆள் எடுக்கும் நாளில் இதை எந்த ஜோசியர் சொல்லியிருக்க முடியும்? எடுத்த மறுநாளே "லாபம்", "நஷ்டம்" என்று சத்தம் போடுகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். அங்கே கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டத்தையும் ஃபுட்பால் என்றுதான் சொல்கிறார்கள், 32 அணி, ஏழு ரவுண்டு, போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. 2000-ல் ஆறாம் ரவுண்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிராடி என்ற ஆட்டக்காரர் பிறகு ஏழு முறை சூப்பர் பவுல், அதாவது அந்த லீகின் இறுதி ஆட்டம், ஜெயித்தாராம். இதைக் கேட்டதும் என் மச்சான், "அப்போ நம்ம ஆறாம் ரவுண்டு கோலியும் ஏழு கப் அடிப்பானா மாமா?" என்று கேட்டான். முப்பத்து நான்கு வயதில் ஒரு கப் அடித்தாலே போதும் மக்கா என்றேன். ஆனால் அக்கா மகன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குள் நின்றது. அங்கே இந்தச் சண்டைக்குக் கணக்கு இருக்கிறது. எந்தப் பையன் கல்லூரியில் எத்தனை ஆட்டம் ஆடினான், எந்த இடத்தில் ஆடினான், எப்போது காயம்பட்டான் என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. எத்தனையாவது வாய்ப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று புள்ளி போட்ட அட்டவணைகூட வைத்திருக்கிறார்கள், முதல் வாய்ப்புக்கு 3000 புள்ளி. அவ்வளவு இருந்தும் முதல் வாய்ப்புகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று தேலர் என்ற பொருளாதார அறிஞரும் கூட ஒருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்களாம், 2017-ல் நோபல் வாங்கிய அதே தேலர்தான். அவ்வளவு கணக்கு வைத்திருப்பவர்களே தப்புகிறார்கள் என்றால் வெறும் வாயோடு சண்டை போடுகிற நாங்கள் எங்கே நிற்கிறோம்?

இப்போது என் வேண்டுகோள். நம் மாவட்டத்தில் நடக்கும் போட்டிகள் பேப்பரில் எப்படி வருகின்றன என்று பாருங்கள், உங்கள் பேப்பரை மட்டும் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் கோப்பை கொடுக்கும் படம், பக்கத்தில் நிற்கிற பதினைந்து பேரின் பெயர், பொன்னாடை போர்த்தியவரின் பெயர், "இன்ன அணி வெற்றி பெற்றது". கோல் அடித்தவன் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். தடுத்தவன் பெயர் நான் வாசித்ததே இல்லை. நாற்பது வருடத்துக்கு முன் நான் ஆடிய ஆட்டங்களுக்கும் இதே கதிதான், நான் ஆடினேன் என்பதற்கு என் முழங்காலைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. இங்கிருந்து எத்தனையோ பேர் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி வரை ஆடியிருக்கிறார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் ஊரில் ஆடிய ஆட்டங்களை யார் எழுதிவைத்தார்கள்? வேலைக்கு விண்ணப்பம் போடும்போது சான்றிதழோடு சேர்த்து நீட்ட ஒரு பேப்பர் துணுக்கு இல்லாமல் அலைந்த பையன்களை எனக்குத் தெரியும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஆடிய பதினோரு பேர், மாற்று ஆள் யார், கோல் எந்த நிமிடத்தில், யார் கொடுத்த பந்தில், கார்டு யாருக்கு. ஆறு வரி போதும், பொன்னாடைக்காரர் பெயரை எடுத்தால் அந்த இடம் கிடைத்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் போட்டாலும் சரி. இரண்டு சீசன் இப்படி வந்துவிட்டால் அடுத்த டிராஃப்டில் குவைத் அண்ணனுக்குப் பேச ஏதாவது இருக்கும், மேனேஜரின் குடும்பத்தை விட்டுவிடுவார்.

லீக் தொடங்கியதும் ஞாயிறு மாலை நான்கு மணி ஆட்டத்துக்கு உங்கள் நிருபர் ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும். வர முடியாவிட்டால் விவரத்தை நானே எழுதி ஆட்டம் முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து மோசம், போன் போட்டால் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் பேக் ஒருவன்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.