சாக்லேட் உறையைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள்: பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் அருங்காட்சியகங்களின் சேகரிப்புப் பிரிவினருக்கும், பள்ளி மரபுடைமை மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும், சமூக மன்றங்களில் பழம்பொருள் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம்.

தின்பண்ட உறைகளை உங்கள் சேகரிப்பில் ஒரு தனி வகையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். சேர்க்கும்போது முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் பின்பக்கம், உள்ளே இருந்த வெள்ளித்தாள், மேலே ஒட்டிய இறக்குமதியாளர் சீட்டு எல்லாவற்றோடும் வாங்குங்கள். பொதியுறைத் தொழிலும் காகிதப் பாதுகாப்பும் தெரிந்த சிலர் கூடி இதை எழுதுகிறோம். சோடாப் புட்டிக்கும் பிஸ்கட் டின்னுக்கும் கண்ணாடிப் பேழையில் இடம் கிடைக்கிறது. அதே கடையில் அதே நாளில் விற்ற சாக்லேட்டின் உறைக்குக் கிடைப்பதில்லை. இது பெரிய இழப்பு என்று நினைக்கிறோம்.

கிட்கேட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் இயங்கிய ரவுண்ட்ரீ நிறுவனம் 1935 ஆகஸ்டில் நான்கு விரல் கொண்ட வேஃபர் ஒன்றை 'சாக்லேட் கிரிஸ்ப்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 2 பென்ஸ். கிட்கேட் என்ற பெயரை நிறுவனம் 1911-லேயே பதிவு செய்து வைத்திருந்தாலும், இந்த வேஃபரின் உறையில் அது ஏறியது 1937-இல்தான். பிறகு உலகப் போர் வந்தது. பால் தட்டுப்பாட்டால் பால் சாக்லேட் பூச்சை நிறுத்திவிட்டு டார்க் சாக்லேட் பூசினார்கள். அதற்கு அடையாளமாகச் சிவப்பு உறை நீலமானது. 1947-இல் பாலும் திரும்பியது, சிவப்பும் திரும்பியது. போர்க்காலத் தட்டுப்பாடு ஒரு மிட்டாய்த் தாளின் நிறத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த நீலத் தாளை அன்று யாரோ எடுத்து வைத்ததால்தான் இன்று இதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

உறையில் உள்ள நிறுவனப் பெயரும் காலம் சொல்லும். ரவுண்ட்ரீ 1969-இல் மெக்கின்டாஷோடு இணைந்தது; 1988-இல் நெஸ்லே அதை வாங்கியது. ஆகவே, 'ரவுண்ட்ரீ மெக்கின்டாஷ்' என்று அச்சிட்ட தாள் 1969-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்காவில் 1970 முதல் உரிமம் பெற்று ஹெர்ஷி நிறுவனம் கிட்கேட்டைத் தயாரிக்கிறது. ஹெர்ஷி பெயர் கொண்ட உறை சிங்கப்பூரில் கிடைத்தால், அது எந்த வழியாக வந்தது என்று விசாரிக்க வேண்டும்: பயணி கொண்டுவந்ததா, அதிகாரபூர்வ முகவர் அல்லாத இணை இறக்குமதியாளர் கொண்டுவந்ததா?

பழைய உறை இரண்டு அடுக்கு கொண்டது. உள்ளே அலுமினியத் தாள், அதைச் சுற்றி ஓர் அச்சிட்ட காகிதப் பட்டை. இரு முனையிலும் வெள்ளி நிறம் வெளியே தெரியும். பட்டையை உருவிவிட்டு, விரல் நகத்தால் பள்ளத்தில் கோடு இழுத்தால் வெள்ளித்தாள் கிழியும். பிறகு ஒரு விரலை ஒடித்துத் தின்பார்கள். அந்தத் தாள் மடித்து வைத்ததுதான், ஒட்டியதல்ல. அதனால் காற்றும் ஈரமும் எறும்பும் உள்ளே போகும். ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி வெப்பமும் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் உள்ள ஊரில் இது எத்தனை நாள் தாங்கும்? கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியை நெருங்கினால் உருகிவிடும். வெயில் படும் அடுக்கில் வைத்தால் கொழுப்பு மேலே வந்து வெண்படலமாக உறையும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே பிரித்தால் நீர் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் சொரசொரப்பான வேறொரு வெள்ளை படியும்.

பிரிட்டனில் 2001-இல் அந்த வெள்ளித்தாளும் காகிதப் பட்டையும் போய், ஒரே பிளாஸ்டிக் படலத்தில் சுற்றும் முறை வந்தது. படலம் உருளையிலிருந்து ஓடிவந்து குழாயாக மடியும். முதுகில் ஒரு நீண்ட ஒட்டு, இரு முனையிலும் பற்கள் பதிந்த ஒட்டு. சாக்லேட்டுக்குப் பொதுவாகச் சூடு வைத்து ஒட்டுவதில்லை, பண்டம் உருகிவிடும். ஒட்டும் இடங்களில் மட்டும் ரப்பர் பால் கலந்த பசை பூசியிருக்கும். பசையும் பசையும் அழுத்தத்தில் சேர்ந்தால் பிடித்துக்கொள்ளும். இதனால் இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுற்ற முடிகிறது. இதில் சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ரப்பர்ப் பசை நாளாக நாளாக மஞ்சளாகிப் பிடிப்பை இழக்கும் என்பது. இருபது ஆண்டு போன உறையின் முதுகு தானாகத் திறந்திருந்தால், யாரோ பிரித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது மீண்டும் காகிதத்தின் பக்கம் திரும்புகிறார்கள். ஜப்பானில் 2019-இல் கிட்கேட்டின் பெரிய பைகளில் வெளி உறை காகிதமானது. வண்ண வண்ணச் சாக்லேட் மிட்டாயான ஸ்மார்ட்டீஸின் கதையும் இப்படித்தான்: 1937-இல் அந்தப் பெயரில் வந்து, பல காலம் உருண்டைக் காகிதக் குழாயில் விற்று, 2005-இல் பிரிட்டனில் அறுகோணக் குழாயானது, 2021-இல் உலகெங்கும் காகிதப் பொதிக்கு மாறியது. உருண்டைக் குழாயின் பிளாஸ்டிக் மூடியின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்; பிள்ளைகள் அதைச் சேர்ப்பார்கள். குழாயைக் கேட்டு வாங்கும்போது மூடியையும் கேளுங்கள். மூடி இல்லாத குழாய் பாதிப் பொருள்தான்.

இதெல்லாம் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்குமே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். சிங்கப்பூருக்கு வந்த உறை வேறு. அதில் உள்ள மொழிகள், ஹலால் முத்திரை, இறக்குமதியாளர் முகவரி, கடைக்காரர் ஒட்டிய விலை எதுவும் யார்க்கில் கிடைக்காது. மேலும், பிற நாடுகளில் பழைய குப்பை மேட்டிலும் கடற்கரை மணலிலும் 40 ஆண்டு முந்திய பிளாஸ்டிக் உறைகள் நிறம் மங்காமல் கிடைப்பதுண்டு. நம் ஊரில் 1979-இல் உலு பாண்டானில் முதல் எரியாலை திறந்ததிலிருந்து படிப்படியாகக் குப்பையின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகும் நிலை வந்தது. 1999 முதல் சாம்பல் கடலில் உள்ள செமக்கா குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. மண்ணைத் தோண்டி யாரும் நம் சாக்லேட் உறைகளை எடுக்கப்போவதில்லை. வீட்டிலும் கடையிலும் மிஞ்சியதுதான் மிச்சம்.

உறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நீதிமன்ற வழக்கு ஒன்றும் உண்டு. கிட்கேட்டின் இரண்டு விரல், நான்கு விரல் வடிவங்களை நெஸ்லே இங்கே வர்த்தக முத்திரையாகப் பதிந்திருந்தது. சிங்கப்பூர் நிறுவனமான பெட்ரா ஃபுட்ஸ் விற்ற 'டேக் இட்' வேஃபர் தொடர்பாக வழக்கு மூண்டது. 2014-இல் உயர் நீதிமன்றமும் 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வடிவப் பதிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தன. பட்டையான வடிவமும் ஒடிக்க உதவும் பள்ளமும் ஒரு தொழில்நுட்பப் பயனுக்குத் தேவையானவை, அவற்றை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்பது முக்கியக் காரணம். பிரிட்டனில் நடந்த இதையொத்த வழக்கில், உறை ஒளி புகாதது, வாங்கும் நேரத்தில் வடிவம் கண்ணில் படுவதில்லை என்பதும் பேசப்பட்டது. எந்த ஆண்டில் எந்த உறை என்ன காட்டியது என்ற கேள்விக்கு விடை சொல்லப் பழைய உறை வேண்டும்.

காலம் கணிக்க இந்த ஊருக்கே உரிய தடயங்கள் இருக்கின்றன. இறக்குமதியாளர் சீட்டில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமாக இருந்தால் அது 1995-க்கு முந்தியதல்ல. தொலைபேசி எண் 6-இல் தொடங்கி எட்டு இலக்கமாக இருந்தால் 2002-க்கு முந்தியதல்ல. எடை அவுன்ஸில் மட்டும் இருந்தால், மெட்ரிக் முறை பரவிய 1970-களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: புதிய எண், உறையின் கால எல்லையை உறுதியாகச் சொல்லும், பழைய எண் அப்படிச் சொல்லாது. அச்சடித்த சீட்டு தீரும்வரை அதையே ஒட்டுவது வழக்கம். பார்கோடிலும் இதே எச்சரிக்கை. 888 சிங்கப்பூர், 955 மலேசியா, 76-இல் தொடங்குவது சுவிட்சர்லாந்து. அது நிறுவனம் எங்கே எண் வாங்கியது என்பதைத்தான் காட்டும், சாக்லேட் எங்கே செய்யப்பட்டது என்பதை அல்ல. உற்பத்தி நாடு தனி வரியில் இருக்கும். காலாவதித் தேதி தெரிந்தால், பால் சாக்லேட் வேஃபருக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதத்தைக் கழித்தால் தயாரித்த காலம் தோராயமாக வரும்.

இனி, கையாளும் முறை. உள்ளே சாக்லேட்டை வைத்தே சேமிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொழுப்பு காகிதத்தில் ஊறி எண்ணெய்க் கறையாகும், கரப்பானும் வண்டும் தேடி வரும், ஒரு பெட்டியில் நுழைந்த பூச்சி அறை முழுதும் பரவும். பண்டத்தை எடுக்கும்போது முனை ஒட்டை இழுத்துக் கிழிக்காமல், பற்களுக்குச் சற்று உள்ளே கத்தரியால் ஒரே நேர்க்கோட்டில் வெட்டுங்கள். வெட்டும் முன் தேதி அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; பல உறைகளில் அது முனைக்கு அருகிலேயே இருக்கும். அப்படியானால் மறுமுனையை வெட்டுங்கள். வெட்டிய துண்டையும் போடாமல் உடன் வையுங்கள். உறையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் அச்சிட்டிருக்கும். இயந்திரம் எங்கே வெட்டுவது என்று அறிய உதவும் குறி அது. தொழில் வரலாறு படிப்பவருக்கு அது தேவை.

உள்ளே ஒட்டிய துகளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். போகாத கறைக்கு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சு போதும், உடனே ஒற்றி உலர்த்த வேண்டும். காகிதப் பட்டையில் நீரே படக்கூடாது. கைச் சுத்திகரிப்புத் திரவம், ஆல்கஹால் ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மை தெளித்து அடித்த தேதி, ஒரே துடைப்பில் அழிந்துபோகும். நாங்கள் அதிகம் பார்க்கும் சேதம் இதுதான். வெள்ளித்தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்களவே இருக்கும். விரல் வியர்வையின் உப்பு அதில் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். தாளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டாம். மடிப்புத் தடம்தான் அது எப்படிச் சுற்றப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி.

பூச்சி இருக்கிறது என்ற ஐயம் வந்தால் மருந்து அடிக்காதீர்கள். பாலிஎத்திலீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டு உறைபெட்டி மைனஸ் 18 டிகிரிதான் போகும் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விடவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நம் ஈரக்காற்று நேரே காகிதத்தில் நீராக இறங்கும்.

சேமிக்க, பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் வாங்குங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் கோப்புகளிலிருந்து கசியும் மென்மையாக்கி (பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கச் சேர்க்கும் பொருள்), அச்சு மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். பசைப் பக்கங்கள் கொண்ட பழைய புகைப்பட ஆல்பங்களும் ஒட்டுநாடாவும் அதேபோல் கெடுதல். லேமினேஷன் செய்த தாளைச் சேதமின்றி மீட்பது மிகக் கடினம். அழகுக்காக லேமினேட் செய்த உறைகளைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பெட்டிக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும், 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் மட்டும் போதாது. சிறிய ஈரமானி ஒன்றும் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் உலர்த்திப் போட ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். சிவப்பு மை சீக்கிரம் வெளிறும், கிட்கேட்டுக்கோ சிவப்புதான் முகம். மூலத்தை இருட்டில் வைத்து, 600 டிபிஐ நகலைக் காட்சிக்கு வைப்பது நல்லது. நகல் எடுக்கும்போது அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்று கடையில் உள்ளவற்றையும் சேருங்கள். ஒரே உறையில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தட்டையாகவும் மற்றொன்றை உள்ளே பாலிஎத்திலீன் நுரைக்கட்டை வைத்து வடிவம் கெடாமலும் வைக்கலாம். புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இன்னும் நடக்கும் மாமாக் கடைகளுக்குப் போய்க் கேளுங்கள். சாக்லேட்டுகளை அடுக்கி வைக்கும் அட்டைப் பெட்டி, 50 காசு என்று கையால் எழுதிய விலைத் துண்டு, மொத்த வியாபாரியின் ரசீது ஆகியவை உறையோடு சேர்ந்தால்தான் விற்பனையின் முழு வரலாறு கிடைக்கும். கடைக்காரர் ஐயாவிடம் அந்தப் பண்டம் எந்த ஆண்டுகளில் ஓடியது, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று கேட்டு, 2பி பென்சிலால் அட்டையில் எழுதுங்கள், உறையின் மேல் எழுத வேண்டாம்.

உங்கள் நன்கொடைப் படிவத்தில் 'தின்பண்ட உறை' என்று ஒரு வரியும், அதன் கீழே நான்கு கட்டங்களும் போதும்: எங்கே வாங்கியது, எப்போது, உள்ளுறை உண்டா, இறக்குமதியாளர் சீட்டு உண்டா. படிவத்தைத் திருத்தவும், முதல் தொகுதியைப் பிரித்து அடுக்கவும் ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
பொதியுறை, காகிதப் பாதுகாப்புத் துறை நண்பர்கள்
சிங்கப்பூர்