ஏட்டையா கேட்ட கேள்விகளுக்கு, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கிலிருந்து

ரெய்க்யாவிக்,
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? தீபாவளிக்கு முன்னால் நீங்கள் போட்ட கடிதம் இந்த வாரம்தான் கைக்கு வந்தது.

"தம்பி போன ஊர்லயும் குத்து வெட்டு ஆரம்பிச்சிருச்சாமே" என்று பெரியப்பா வந்து சொன்னதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் நீங்கள், ஜனத்தொகை எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை 302 (கொலை வழக்கு), போலீஸ் கையில் துப்பாக்கி உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போது உங்கள் குரலே கேட்டது.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. கடை அடைத்துப் பாத்திரம் கழுவி, நடு ராத்திரிக்கு மேல்தான் அறைக்கு நடந்து வருகிறேன். ஒருத்தரும் வழிமறித்ததில்லை. இங்கே தாய்மார்கள் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு காபிக் கடை வாசலில் தூங்கவிட்டுவிட்டு உள்ளே போய் உட்காருகிறார்கள், குளிர்காற்று நல்லதாம். முதல் தடவை பார்த்தபோது பதறிப்போய், அந்தத் தாய் வெளியே வரும்வரை வண்டிப் பக்கத்திலேயே காவல் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாள்.

இனி உங்கள் கேள்விகள். பரப்பில் ஐஸ்லாந்து தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கு மேல். ஜனம் நாலு லட்சம்கூட இல்லை. ராணுவம் கிடையாது. போலீஸ் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு ரோந்து போவதில்லை. தடியும் மிளகு ஸ்பிரேயும் வைத்திருப்பார்கள். ஜனங்களிடம் வேட்டைத் துப்பாக்கி நிறைய இருக்கிறது, எல்லாம் லைசென்ஸோடு. கொலை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒன்றுகூட நடக்காத வருஷங்களும் உண்டு. கொலைக்கு வழக்கமாக 16 வருஷம் தண்டனை. மரண தண்டனையை 1928லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் விகிதத்தைப் பார்த்து யாரும் பேசக்கூடாது அப்பா. நம் நாட்டில் 2022இல் 28,522 கொலை வழக்கு, லட்சத்துக்கு இரண்டு என்று கணக்கு. இங்கே ஒரே வருஷத்தில் எட்டுப் பேர் செத்தால் அந்த இரண்டு வந்துவிடும். இந்த வருஷம் வழக்கத்தைவிடக் கூடுதல்தான். அதனால்தான் பெரியப்பா வரைக்கும் செய்தி வந்திருக்கிறது.

ஆகஸ்டில் கலாச்சார இரவு என்று ஒரு திருவிழா. ஊரே தெருவில் இருக்கும் நாள். அன்றைக்குப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கத்திக்குத்து. அதில் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி சில நாளில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். பிடிபட்டவனும் பதினாறு வயசுப் பையன். கடைக்கு வந்தவர்கள் சாப்பாட்டை அளைந்துகொண்டு அதையே பேசினார்கள். சொந்த வீட்டு எழவு மாதிரி ஊர் கிடந்தது. 2013இல் போலீஸ் சுட்டு ஒருவர் செத்திருக்கிறார், இந்த நாட்டுச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறை. போலீஸ் தலைமை அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்ததாம். எண்ணிக்கை குறைவு என்று இவர்கள் ஒரு சாவையும் லேசாக விடுவதில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்ததே அதில்தான்.

மாடி வீட்டுத் தாத்தா கெப்ளாவிக் ஊர்க்காரர், மீன்பிடித்து ஓய்ந்தவர். பனி கொட்டினாலும் விடிவதற்குள் திறந்தவெளி வெந்நீர்க் குளத்துக்குப் போய்விடுவார். யாரிடமும் பேசமாட்டார். ஒருநாள் காய்ந்த மீன் ஒரு பொட்டலம் நீட்டினார். இவர்கள் அதை வெண்ணெய் தடவி அப்படியே தின்பார்கள். நான் புளி கரைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். 1974இல் இரண்டு பேர் காணாமல் போனார்கள், ஒருவர் அவர் ஊரிலேயே. பிணம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு பேரைப் பிடித்து மாதக்கணக்கில் தனிச்சிறையில் போட்டு, ஒப்புக்கொள்ள வைத்து, தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். 2018இல் ஐந்து பேர் குற்றமற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் இரண்டு பேர் இறந்தே போனார்கள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்கிற, பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவை நீங்கள் ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கினீர்கள்! தாத்தாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். எழுந்து கை கொடுத்தார்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். காலை பத்தரைக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. அறைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் கதகதப்புதான். இப்போது ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம், பேச்சுத் துணைக்கு நல்லது. சாப்பாடு கடையிலேயே முடிந்துவிடுகிறது, செலவே இல்லை.

ராத்திரி நடந்து வரும்போது மட்டும், அப்பா, தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காது. நீங்கள் நைட் ரவுண்ட்ஸ் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து ரசத்தைச் சுடவைப்பாளே, தூக்கத்திலேயே எனக்கு அந்த மிளகு வாசனை வருமே. இங்கே தினமும் இருபது பேருக்கு ரசம் வைக்கிறேன். அது வரவே மாட்டேன் என்கிறது. போதும், எழுதினால் கண் கலங்குகிறது.

இந்த மாதப் பணம் பத்து தேதி தள்ளி வரும். சம்பளக் கணக்கு மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை. அக்கா வளையலுக்கு பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்தால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள், தை பிறந்ததும் மீட்டுவிடலாம். ரேஷன் கார்டில் என் பெயரை எடுக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். வரப்பு விஷயமாகச் சித்தப்பாவிடம் நீங்கள் வாய் கொடுக்காதீர்கள், சர்வேயர் வந்து அளக்கட்டும். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிராமல் முசிறி பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள். மோட்டார் காயில் கட்டக் குளித்தலைக்கு அலைய வேண்டாம், பட்டறை மாமாவிடமே கொடுங்கள். பாக்கியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்